கட்டாரி தமிழ்ச் சொல்லா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை ஆயுதப் பெயர்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்திருக்கிறோம். முதல் கேள்விக்கே பக்கத்தின் பெரும்பகுதி போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

ஆங்கிலப் புத்தகங்களில் ‘கட்டார்’ என்ற குத்துவாளை இந்திச் சொல் என்று போட்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியோ, ‘குத்து’ என்ற தமிழ் வேரிலிருந்து ‘குத்தார்’ பிறந்து, அது வடக்கே போய்க் ‘கட்டார்’ ஆனது என்கிறது. எது சரி?
– தெம்பனிஸ் வாசகர்

இந்திச் சொல் என்பது பாதி உண்மை. ‘குத்தார்’ கதையில் அந்தப் பாதியும் இல்லை.

சொல் எங்கெல்லாம் வழங்குகிறது என்று முதலில் பார்ப்போம். தமிழில் கட்டாரி, கட்டாரம். கன்னடத்திலும் தெலுங்கிலும் கடாரி. மராத்தியில் கட்யார். இந்தியில் கடார், கடாரி. சமற்கிருத அகராதிகளில் கட்டார. (கன்னட, தெலுங்கு, இந்தி வடிவங்களில் வரும் டகரத்தைப் ‘பட்டு’ என்பதில் ஒலிப்பதைப் போல வன்மையாக, ஆனால் இரட்டிக்காமல் ஒலிக்க வேண்டும். அதைக் காட்டத் தமிழ் எழுத்தில் வழியில்லை.) இத்தனை மொழிகளில் ஒன்றிலாவது முதல் எழுத்து ‘கு’ என்று இருக்கிறதா? இல்லை. ‘குத்து’ வேராக இருந்திருந்தால், கிளம்பிய ஊரான தமிழிலாவது ‘குத்தாரி’ என்ற வடிவம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு அந்தக் கதை எப்படி வந்தது? 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். நம் குறில் அகரத்துக்கு அவர்கள் ‘யு’ எழுத்தைப் போட்டார்கள். பஞ்சாபையும் கறியையும் இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களுக்கென 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் இந்த ஆயுதம் ‘கே, யு, டி, டி’ என்று தொடங்கும் எழுத்துக்கூட்டலில்தான் இருக்கிறது. அதைக் ‘குத்தார்’ என்று வாசித்துவிட்டு ‘குத்து’ என்று வேர் கண்டுபிடிப்பது மிக எளிது. அதே பதிவு சமற்கிருதக் ‘கட்டார’வையும் இந்தி வடிவத்தையும் காட்டுவதை யாரும் கவனிப்பதில்லை.

இனி இந்தி. இந்திக்கு மூதாதையான பிராகிருதத்தில் இரட்டித்த மெய், இந்திக்கு வரும்போது ஒற்றையாகிவிடும். இது மிகப் பரவலான மாற்றம். கணவனைக் குறிக்கும் ‘பத்தார’ இந்தியில் ‘பதார்’ ஆனது. அதே வழியில் ‘கட்டார’ ‘கடார்’ ஆகும். எனவே இரட்டித்த டகரம் உள்ள வடிவமே மூத்தது, இந்தி வடிவம் அதன் பிள்ளை. புத்தகங்கள் இந்திச் சொல் என்று சொல்வதன் பொருள், ஆங்கிலத்துக்கு அது இந்தி வழியாக வந்தது என்பது மட்டுமே.

அப்படியானால் டகரத்தை இரட்டிக்கும் தமிழ்தான் தாய் என்று சொல்லிவிடலாமா? அங்கேதான் அவசரப்படக் கூடாது. டகரத்தை இரட்டிப்பது பிராகிருதத்துக்கும் இயல்பு. தவிர, சங்க நூல்களில் கட்டாரி இல்லை. வாள் உண்டு, வேல் உண்டு, எஃகு உண்டு, எறிவதற்கென்றே தனி ஈட்டிகள் உண்டு. கட்டாரி மட்டும் கிடையாது. சமற்கிருதத்திலும் அது பழஞ்சொல் அன்று, பிற்கால அகராதிகளில்தான் தலைகாட்டுகிறது. இரண்டு பக்கமும் பிற்காலச் சொல்லாக இருக்கும்போது, ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து யார் யாருக்குக் கொடுத்தார் என்று தீர்ப்பெழுதுவது நியாயமில்லை.

சிலர் வேறு வழி காட்டுகிறார்கள். வெட்டுதல் என்ற பொருளுள்ள ஒரு வடமொழி வினை பிராகிருதத்தில் ‘கட்ட-’ என்றாகி, இந்தியில் ‘காட்னா’ என வழங்குகிறது. நம் கத்தரிக்கோலில் உள்ள ‘கத்தரி’யும் அதே குடும்பத்தின் இன்னொரு கிளை. ஒலி அளவில் இது ‘குத்து’வைவிட எவ்வளவோ மேல். பொருள்தான் இடிக்கிறது: கட்டாரி வெட்டும் ஆயுதம் அன்று, குத்தும் ஆயுதம். ‘கத்தி’யிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, த்த எப்படி ட்ட ஆனது என்று அவர்கள்தான் விளக்க வேண்டும்.

ஆகவே எங்கள் முடிவு இது. கட்டாரி, இடைக்காலத்தில் ஆயுதத்தோடு கூடவே ஊர் ஊராகப் பரவிய பொதுச்சொல். மூத்த ஒலி வடிவத்தைத் தமிழ் காப்பாற்றி வைத்திருக்கிறது என்று தாராளமாகச் சொல்லலாம், தமிழ்தான் பெற்றது என்று இன்னும் சொல்ல முடியாது.

ஆயுதத்தின் வரலாறு சொல்லின் வரலாற்றைவிடத் தெளிவானது. 14-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ பயணி இபின் பதூதா, ‘கத்தாரா’ என்ற ஆயுதத்தை விவரிக்கிறார்: ஏர்க்கொழு போன்ற இரும்பு, கையை உள்ளே நுழைத்தால் முன்கை மறைந்துவிடும், அதற்கு அப்பால் இரண்டு முழ அலகு, குத்துப்பட்டவன் பிழைக்க மாட்டான். இன்று எஞ்சியிருக்கும் கட்டாரிகளுக்கு அந்த நீளம் கிடையாது. ‘பட்டா’ எனப்படும் கையுறை வாளுக்குத்தான் அவ்வளவு நீளம் உண்டு. ஆனால் பிடிக்கும் முறையை அவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். கட்டாரியின் பழைய மாதிரிகள் விஜயநகரக் காலத் தென்னகத்தையும் தக்காணத்தையும் சேர்ந்தவை. அவற்றில் புறங்கையை மறைக்கக் கப்பற்பாய் விரித்ததுபோல் வளைந்த தகடு இருக்கும், அதில் யாளி முகமும் துளை வேலைப்பாடும் காணலாம். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த இத்தகைய கட்டாரிகள் 19-ஆம் நூற்றாண்டில் கலைக்கப்பட்டுப் பல இடங்களுக்குப் போயின. ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவற்றுள் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து வந்த வாள் அலகு. அதை வெட்டி, நம் ஊர்ப் பிடியில் தறையாணி அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். வடக்கே போகப்போகக் கைக்காப்புத் தகடு மறைந்து, கையின் இரு பக்கமும் வரும் பட்டைகளும் அவற்றுக்கு இடையே அலகுக்குக் குறுக்காகக் கிடக்கும் பிடியும் மட்டும் மிஞ்சின.

பெயரில் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அக்பர் காலத்து ஆட்சிக் குறிப்பு நூலான அய்ன்-இ-அக்பரியின் ஆயுதப் பட்டியலில் ஜம்தர், கடாரா என்று இரண்டு தனித்தனிப் பெயர்கள் வருகின்றன. குறுக்குப் பிடி உள்ளதற்கு அங்கே பெயர் ஜம்தர். ‘யமனின் பல்’ என்பது அதற்குச் சொல்லப்படும் பொருள். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பட்டியல்கள் குறுக்குப் பிடிக்குக் ‘கட்டார்’ என்ற பெயரை நிலைநிறுத்திவிட்டன. அதனால், முகலாயர் காலப் பாரசீக நூலில் ‘கடாரா’ என்று வந்தால் உடனே குறுக்குப் பிடியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள்.

கட்டாரி, குத்துவாள், சுரிகை, பிச்சுவா – எல்லாம் ஒன்றுதானே?
– செங்காங் வாசகி

குத்துவாள் பொதுப்பெயர்; மற்றவை அதில் அடங்கும். கட்டாரியின் அடையாளம் பிடிதான். சாதாரணக் குத்துவாளின் பிடி அலகின் நேர்க்கோட்டிலேயே நீளும். கட்டாரியில் பிடி அலகுக்குக் குறுக்கே கிடக்கும். முட்டியை மடக்கிப் பிடித்தால் அலகு முன்கையின் நீட்சியாக நிற்கும், மணிக்கட்டு வளையாமல் தோளின் பலம் முழுவதும் முனைக்குப் போகும். இரு பக்கப் பட்டைகளும் மணிக்கட்டைத் தாண்டிப் பின்னால் நீண்டு அதைத் தாங்கும். குத்துக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. வீசி வெட்டவும் எதிராளியின் வாளைத் தடுக்கவும் இதைவிட மோசமானதும் இல்லை.

சுரிகை, வடமொழிச் ‘சுரிகா’. சிறு கத்தி, இடுப்பில் செருகும் உடைவாள். பிச்சுவா, தேளைக் குறிக்கும் ‘பிச்சூ’ என்ற வடநாட்டுச் சொல்லின் வழி வந்தது. தேள் கொடுக்கைப்போல இரட்டை வளைவுள்ள அலகு. நம் பேச்சில் ‘பிச்சுவாக் கத்தி’ என்றால் எந்தச் சிறு கத்தியும் ஆகிவிட்டது.

ராஜஸ்தானில் வாங்கிய ஒரு கட்டாரி வீட்டில் இருக்கிறது. பழையது என்று சொல்லி விற்றார்கள். உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? துரு பிடித்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

புளி வேண்டாம். காரணம் பின்னால்.

முதலில் பிடியைப் பாருங்கள். குறுக்குப் பிடிகள் பக்கப் பட்டையோடு சேரும் மூலையில் மணி மணியாக உருகி உறைந்த தழும்பு இருந்தால் அது மின் பற்றவைப்பு. பொருள் 20-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. அந்தத் தழும்பைத் தேய்த்து மறைத்துப் பித்தளைப் பூச்சு கொடுப்பதும் உண்டு. ஆகவே வெளிமூலையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், விளக்கைப் பிடித்து உள்மூலையையும் பாருங்கள், அங்கே அரம் நுழையாது. பழைய வேலையில் குறுக்குப் பிடி நடுவில் சற்றுப் பருத்து, விரல்களுக்கு இடம் கொடுத்திருக்கும். வெறும் நேரான கம்பி என்றால் சந்தேகப்படுங்கள். இரு பட்டைகளுக்கு இடையிலான இடைவெளி பழையவற்றில் ஏறத்தாழ 7 முதல் 8 செ.மீ. நம்மில் பலருக்கு முட்டி நுழையவே நுழையாது. சுற்றுலாப் பயணிக்காகச் செய்ததில் கை தாராளமாக நுழையும்.

அடுத்து அலகு. மொத்த நீளம் பெரும்பாலும் 35 முதல் 45 செ.மீ.க்குள் இருக்கும். நல்ல கட்டாரியின் அலகு அடியில் அகன்று முனை நோக்கிக் குறுகும். முனையில் மட்டும் இரும்பு மீண்டும் தடித்திருக்கும். சங்கிலிக் கவசத்தின் வளையங்களைப் பிளக்கவே அந்தத் தடிப்பு. தகட்டிலிருந்து வெட்டியெடுத்த போலியில் அடியிலிருந்து முனைவரை ஒரே தடிமன். பிடியை அழுத்தினால் அலகு இரண்டாகப் பிரிந்து உள்ளே இன்னொரு சிறு அலகைக் காட்டும் கத்தரிக்கோல் வகை உங்களிடம் இருந்தால், அது பழையதாகவே இருந்தாலும் சண்டைக்குச் செய்ததன்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பார்ப்போரை அசத்தச் செய்த வித்தைப்பொருள். கீல் இருக்கும் இடத்தில் பலம் எங்கிருந்து வரும்?

பிடியில் தங்கக் கோலம் இருந்தால் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். பழைய முறையில் எஃகின் மேல் நெருக்கமான குறுக்குக் கோடுகள் கீறி, அதில் தங்கக் கம்பியைத் தட்டிப் பதிப்பார்கள். தேய்ந்த இடத்தில் அந்தக் குறுக்குக் கோடுகள் தெரியும். மின்முலாம் தேய்ந்த இடம் வழவழப்பாக இருக்கும்.

இனித் துரு. புளி, எலுமிச்சை, காடி எல்லாம் துருவைக் கரைக்கும், அதோடு நல்ல இரும்பையும் கரைக்கும். அமிலம் பட்டைச் சந்துகளிலும் தறையாணிக் குழியிலும் இறங்கித் தங்கிவிடும். மேலே பளபளப்பு வந்த சில நாளில் சந்துகளில் செம்மண் நிறத்தில் புதுத் துரு எட்டிப்பார்ப்பது அதனால்தான். நம் சிங்கப்பூர்க் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சந்துக்குள் போன நீர் தானாக உலராது. மணல் தாள் இன்னும் மோசம், தங்கத்தையும் பழைய அடையாளத்தையும் ஒன்றாக வழித்தெடுத்துவிடும். அலகில் நீரோட்டம்போல் கோலம் தெரிந்தால் அது மூசையில் உருக்கிச் செய்த எஃகாக இருக்கலாம். அதில் எதுவும் செய்யாமல் பாதுகாப்பு நிபுணரிடம் கொண்டுபோங்கள், மெருகேற்றினால் கோலம் போய்விடும்.

வெற்று இரும்பு என்றால் வீட்டிலேயே செய்யலாம். பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரல் வியர்வையின் உப்பே கைரேகை வடிவத்தில் துருவாகிப் பதியும். மென்தூரிகையால் தூசு தட்டி, துரு உள்ள இடத்தில் மட்டும் தையல் இயந்திர எண்ணெய் சில சொட்டு விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு மூங்கில் சாத்தேக் குச்சியின் முனையைச் சீவி, அதனால் சுரண்டுங்கள். மூங்கில் துருவைவிடக் கடினம் குறைந்ததுதான், ஆனால் ஊறிய துருவுக்குப் போதும், இரும்பைக் கீறாது. கரும்பழுப்பாக இறுகிக் கிடக்கும் பழைய படலத்தை விட்டுவிடுங்கள், அது இனி வளராது. செம்மையாகப் பொடி உதிர்வதுதான் எதிரி. துணியில் எரிசாராயம் தொட்டு எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நுண்படிக மெழுகை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். தடித்துப் பூசினால் தூசு ஒட்டி, தூசு ஈரத்தை இழுக்கும்.

உறை இருந்தால் அதற்குள் வைக்காதீர்கள், தோலும் துணியும் ஈரம் பிடிக்கும். மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். 40 முதல் 50 விழுக்காடு இருந்தால் நல்லது. ஜெல் நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தினால் மறுபடி பயன்படும். குளிரூட்டி ஓடும் படுக்கையறைச் சுவரில் மாட்டுவது அழகுக்கு நன்று, இரும்புக்கு ஆகாது. குளிரூட்டியை நிறுத்திச் சன்னலைத் திறந்ததும், குளிர்ந்த இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் நீர் பூக்கும்.

வளரி என்பது ‘வளர்’ என்ற சொல்லிலிருந்து வந்ததா? எறிந்தால் திரும்பி வருமா?
– ஈசூன் வாசகர்

‘வளர்’ அன்று, ‘வளை’. வளைந்த எறிபடையை ‘வளையெறி’ என்று சொல்லி அது வளரி ஆயிற்று என்பது பலரும் ஏற்கும் விளக்கம். றகரம் ரகரமானது ஒரு தடை போலத் தெரியும். தமிழகப் பேச்சில் பெரும்பாலும் இரண்டும் கலந்துவிட்டதால் அது பெரிய தடையில்லை. இன்னொரு பெயரான ‘வளைதடி’ பொருளை ஐயமில்லாமல் காட்டுகிறது. ஆங்கிலேயர் இதைக் ‘கள்ளர் தடி’ என்ற பொருளில் எழுதினார்கள்.

திரும்பி வராது. வேட்டையிலும் போரிலும் இலக்கில் பாய்ந்து நிற்பதற்கே செய்தது. பிறை வடிவம், ஒரு முனை கனமாகவும் மறு முனை இலேசாகவும் இருக்கும், வெளி விளிம்பு கூர். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வார்கள், இரும்பிலும் உண்டு. இலேசான முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சில சுற்றுச் சுழற்றி வேகம் ஏற்றி எறிவது முறை. கனமான முனையைப் பிடித்து எறிந்தால் சுழற்சி சீராகாமல் பாதியிலேயே தடுமாறி விழும். தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த வளரிகளில் யானைத் தந்தத்தால் ஆனவையும் உண்டு. தென்னிந்தியச் சாதிகள், குலங்கள் பற்றி 1909-இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு இவற்றைக் குறிப்பிடுகிறது. திருமணத்தில் இரு வீட்டாரும் வளைதடியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் அது பதிவு செய்திருக்கிறது.

இந்த ஆயுதத்துக்கு நம் வட்டாரத்தோடும் ஒரு தொடர்பு உண்டு. வளரி எறியத் தனக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பினிப் படை அதிகாரி. தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் எந்த இலக்கையும் தவறாது என்பது அவர் கணிப்பு. 1801-இல் அதே மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் எழுபதுக்கு மேற்பட்டவர்களும் 1802-இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள். 1818-இல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது துரைச்சாமியை அங்கே சந்தித்திருக்கிறார்.

டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் பெயரில் உள்ள தெண்டாயுதம், வேலைத்தான் குறிக்கிறதா?
– பிடோக் வாசகி

இல்லை. தண்டு என்றால் கோல். பழனியாண்டவர் கையில் இருப்பது கோல், அதனால் தண்டாயுதபாணி, பேச்சில் தெண்டாயுதபாணி. தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வந்து டேங்க் ரோட்டில் வேலுக்குப் பால் சொரிவதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகிறது. வேல், ‘வெல்’ என்பதன் நீட்சி என்பார்கள். கெடு – கேடு, சுடு – சூடு போல இலக்கணம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கேடும் சூடும் செயலின் பெயர்கள், வேலோ கருவி. பரோ-எமனோ திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

துப்பாக்கி: துப்பு + ஆக்கி என்று பிரிக்கலாமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

விளையாட்டுக்குப் பிரிக்கலாம். துருக்கியில் தூஃபெக், பாரசீகத்தில் துஃபங். முதலில் ஊதுகுழலைக் குறித்த சொல், குழலிலிருந்து குண்டு பாய்ச்சும் கருவி வந்ததும் அதற்கு இடம் மாறியது. தெலுங்கு, கன்னடத்தில் துபாகி. தமிழுக்கு வரும்போது பகரமும் ககரமும் இரட்டித்தன; அந்த இரட்டிப்புத்தான் உங்களுக்கு ‘துப்பு’ம் ‘ஆக்கி’யும் கிடைக்கக் காரணம். பீரங்கி ஐரோப்பியரைக் குறித்த ‘ஃபிரங்கி’. பாபர் தம் நினைவுக்குறிப்பில் ஒருவகைச் சிறு பீரங்கியையே அப்படி அழைக்கிறார். பரங்கிக்காயில் இருப்பதும் இதே பரங்கிதான். ஐரோப்பிய அலகு பொருத்திய நீண்ட வாளுக்கும் இந்தியாவில் ஃபிரங்கி என்றே பெயர். நாம் முதல் கேள்வியில் பார்த்த தஞ்சைக் கட்டாரிகளின் அலகும் அந்த இறக்குமதிதான்.

மலாய் நண்பர் கிரிஸ் என்ற குத்துவாளைப் பரிசளித்தார். ‘கீறு’ என்ற தமிழ்ச் சொல்தான் கிரிஸ் ஆனதா? வளைவுகளை எப்படி எண்ணுவது? எலுமிச்சையில் கழுவச் சொல்கிறாரே, நீங்கள் அமிலம் கூடாது என்பீர்களே?
– பொங்கோல் வாசகர்

கிரிஸ் சாவகச் (ஜாவா) சொல். 9, 10-ஆம் நூற்றாண்டுச் சாவகச் சாசனங்களிலேயே அதன் பழைய வடிவம் வருகிறது. சாவகத்தில் ‘இரிஸ்’ என்றால் அரிதல், சீவுதல். வேரை அங்கேயே தேடுவதுதான் முறை. ‘கீறு’வின் நெடிலும் றகரமும் போய்ச் சகரம் வந்த கதைக்கு யாரும் சான்று காட்டியதில்லை.

வளைவுக்கு மலாயில் ‘லுக்’. அடியில் பிடியை ஒட்டியுள்ள முதல் வளைவிலிருந்து தொடங்கி, இடம், வலம் என மாறி மாறி முனைவரை எண்ண வேண்டும். மரபான கிரிஸில் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. இரட்டைப்படை வந்தால் பெரும்பாலும் அடிப்பக்கத்து மெல்லிய முதல் வளைவை விட்டிருப்பீர்கள், அல்லது முனை தேய்ந்திருக்கும். வளைவே இல்லாத நேர் அலகும் கிரிஸ்தான்.

எலுமிச்சைக்கு வருவோம். கிரிஸின் அலகு இரும்பும் நிக்கல் கலந்த உலோகமும் அடுக்கடுக்காக மடித்து அடித்தது. அந்தக் கோலத்துக்குப் ‘பாமோர்’ என்று பெயர். சாவகத்தில் பிரம்பனான் அருகே விழுந்த விண்கல்லின் நிக்கல் இரும்பையும் சில கிரிஸ்களில் சேர்த்திருக்கிறார்கள். எல்லாக் கிரிஸும் விண்கல் என்பது விற்பனைப் பேச்சு. மரபு முறையில் அலகை இளநீரில் சில நாள் ஊற வைத்துத் துருவை இளக்கி, எலுமிச்சைச் சாற்றால் தேய்த்துக் கழுவி, கடைசியில் எலுமிச்சையோடு பாஷாணம் (ஆர்செனிக் நஞ்சு) கலந்து பூசுவார்கள். பாஷாணத்தால் இரும்பு கறுக்கும், நிக்கல் வெண்மையாகவே நிற்கும், கோலம் எழும்பும். கட்டாரிக்கும் இதற்கும் வேறுபாடு இதுதான்: கிரிஸின் அலகு பிடியிலிருந்து கழன்று வரும், முழுவதும் கழுவி முழுவதும் உலர்த்த முடியும்.

ஆனால் கடைசிக் கட்டம் வீட்டுக்கு ஏற்றதன்று. பாஷாணம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும், சமையலறைத் தொட்டியில் கழுவிவிடக் கூடிய பொருளும் அன்று. அதைக் கிரிஸ் பராமரிப்பவரிடம் விடுங்கள். உங்களிடம் உள்ள அலகு முன்பே பாஷாணம் பூசப்பட்டதாக இருக்கும், எனவே கையுறை இல்லாமல் தொட வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்கவும் வேண்டாம். துரு இல்லையென்றால் எலுமிச்சையும் தேவையில்லை. அமிலம் அதிக நேரம் நின்றால் விளிம்பு பல் பல்லாக அரிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். பிடியைக் கழற்ற முறுக்காதீர்கள். சில பிடிகள் பிசினால் ஒட்டியவை, முறுக்கினால் அலகின் வால் முறியும். மெதுவாகச் சூடு காட்டி இளக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து ஒரு கட்டாரி வாங்கி வரலாமா?
– ஹவ்காங் வாசகர்

வாங்குவதற்கு முன்பே சிங்கப்பூர்க் காவல்படையின் உரிமப் பிரிவிடம் கேளுங்கள். பொருளின் படம், மொத்த நீளம், அலகின் நீளம், இரு பக்கமும் கூரா என்ற விவரம் ஆகியவற்றைக் கையில் வைத்திருந்தால் பதில் விரைவாகக் கிடைக்கும். அலங்காரப் பொருள், மழுங்கியது என்று கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் தாளை நம்பி விமானம் ஏறாதீர்கள். பழம்பொருள் என்றால் இந்தியப் பக்கமும் பாருங்கள்: நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. ஆக, கடைக்காரர் சொல்வதுபோல் அது உண்மையிலேயே பழையது என்றால் உங்களால் கொண்டுவர முடியாது. கொண்டுவர முடிந்தது என்றால், உள்மூலையில் பற்றவைப்புத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.